ஒட்டாத கிருமியை மறுபடி ஒட்டவைத்தவளுக்கு

என் பாசத்துக்குரிய பரமேஸ் அக்கா,

நீ இல்லாத முதல் தீபாவளியும் வந்து போய்விட்டது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் எல்லாரும் நலம். உன் மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். பல் மருத்துவம் இல்லை, சட்டம். சிரிக்கிறாயா?

கிள்ளானில் அரசாங்கப் பல் கிளினிக்கில் நீ டாக்டராக இருந்தபோது, ஒரு நாள் உன்னைக் கூட்டிப்போக வந்து வெளியே காத்திருந்தேன். பந்திங் ஊர்ப் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா தன் சின்ன மகளைக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையின் பால் பற்கள் கறுத்து, ஈறோடு ஒட்டிய கட்டைகளாக நின்றன.

“டாக்டர், இவ அண்ணனும் இதே சாப்பாடுதான் சாப்பிடுறான். அவன் பல்லு நல்லாத்தானே இருக்கு? இவளுக்கு மட்டும் ஏன் இப்படி?”

“தெரியலம்மா,” என்றாய். காரில் ஏறிய பிறகும் உனக்கு ஆறவில்லை. “தெரியலன்னு சொல்லி அனுப்பிட்டேன்டா.”

அந்தக் கேள்விதான் உன்னைக் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துப்போனது. “நல்ல வேலைய விட்டுட்டு எதுக்குலா?” என்று நான் கேட்டும் நீ கிளம்பிவிட்டாய்.

வாயில் வாழும் ஒரு கிருமி சர்க்கரையிலிருந்து பசை செய்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது என்பது அப்போதே தெரிந்த செய்தி. பசைக்குக் காரணமான மரபணுவைக் கெடுத்தால் என்ன ஆகும் என்று நீ பார்க்க நினைத்தாய். அதுவும் அந்தச் சிறுமியின் பல்லிலிருந்து எடுத்த கிருமியில். வெளிநாட்டிலிருந்து வந்த, ஆய்வுக்குப் பழகிச் சொன்னபடி கேட்கும் கிருமியை எடுத்துக்கொள்ளச் சொன்னார் உன் பேராசிரியர். நீ மறுத்துவிட்டாய்.

எனக்குப் புரியும்படி ஒரு முறை சொன்னாய்: “அந்த மரபணுவோட நகல் ஒண்ண எடுத்து, நடுவுல வெட்டி, கிருமியக் கொல்ற மருந்துலயும் அத சாகாம காப்பாத்துற ஒரு துண்ட செருகுறேன். கிருமி தன்னோடத விட்டுட்டு இத ஏத்துக்கிட்டா, மருந்து கலந்த வளர்ப்புத் தட்டுல அது மட்டும்தான் பிழைக்கும்.”

கிருமி ஏற்றுக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் தட்டுகள் வெறுமையாகவே இருந்தன. வளர்க்கும் சாற்றை மாற்றினாய், நேரத்தை மாற்றினாய். கடைசியில் ஒரு தட்டில் சில வெள்ளைப் புள்ளிகள் முளைத்தன.

என்னைக் கூப்பிட்டு இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டினாய். இரண்டிலும் சர்க்கரை நீர். ஒன்றில் பழைய கிருமி சுவரோடு வெள்ளையாகப் படிந்திருந்தது, குலுக்கினாலும் போகவில்லை. மரபணு கெட்ட கிருமி இருந்த மற்றதைத் தண்ணீரில் அலசினாய். பளிச்சென்று ஆகிவிட்டது.

பேராசிரியர் உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிங்கப்பூர் மாநாட்டில் கட்டுரை வாசிக்கச் சொன்னார். நீ மட்டும் சந்தோஷப்படவில்லை. “மரபணு கெட்டதால ஒட்டலயா? இல்ல, நான் படுத்தின பாட்டுல வேற எதுவும் கெட்டுப்போச்சா? அது தெரியாம எப்படிடா பேசுறது?”

மாநாட்டை விட்டுவிட்டாய். நல்ல மரபணுவை அதே கிருமிக்குள் திரும்ப அனுப்பும் வேலையில் இறங்கினாய். மறுபடி ஒட்டினால் காரணம் அந்த மரபணுதான்; அப்போதும் ஒட்டாவிட்டால் அத்தனை வருட உழைப்பும் வீண். உனக்குப் பயமே இருக்கவில்லையா, அக்கா?

ஒரு மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. “தம்பி, ஒட்டிக்கிச்சுடா!” என்று கத்தினாய். கிருமி ஒட்டிக்கொண்டதற்குக் கூத்தாடிய ஒரே பல் டாக்டர் நீயாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். “இல்லடா. ஒரு ஓரம்தான் தெரிஞ்சிருக்கு,” என்றாய். மீதியைத் தேடுவதற்குள் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது இரண்டு இளம் பெண்கள் அதே ஆய்வுக்கூடத்தில் உன் கிருமியை வளர்க்கிறார்கள்.

போன மாதம் உனக்காக ஒரு நினைவுக் கூட்டம் நடந்தது. பேசிய ஒருவர், பல் சொத்தைக்கே மருந்து கண்டுபிடித்தவர் என்று உன்னைப் புகழ்ந்தார். கூட்டம் தலையாட்டியது. மேடையென்றாலே ஒதுங்கிக்கொள்கிற நான் எழுந்து போனேன். “அக்கா மருந்து கண்டுபிடிக்கல. ஒரு கிருமி எதனால ஒட்டுதுன்னு காட்டினாங்க. தனக்கே சந்தேகம் தீருற வரைக்கும் அதைக்கூட வெளிய சொல்லல,” என்றேன். உன் மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அக்கா, ஒரு வாக்குத் தருகிறேன். உன்னைப் பற்றி எவர் கேட்டாலும் நீ செய்ததை மட்டும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க விடமாட்டேன்.

உனக்குத் தம்பியாகப் பிறந்த பெருமையோடு,
ஈசன்