காத்திருக்க வேண்டாமென்று நீயே சொல்

போடிநாயக்கனூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள ஈஸ்வரனுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மாயக்காள் அத்தையும் சுகம், மருமகள் சுகன்யாவும் சுகம், அவள் வயிற்றிலிருக்கும் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றைப் பற்றித்தான் அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உளறிவிடுவேன் என்று தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை மதுரையில் ஸ்கேன் பார்த்தோம். இரண்டும் ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்டுக்கொள்கின்றனவாம், சின்னதின் தொப்புள்கொடி அதன் ஓரத்தில் ஒட்டியிருப்பதால் அதற்குக் கிடைக்கும் பங்கு குறைவு, பெரியது சரியாக வளர இது பின்தங்கிவிட்டது. எனக்குச் சரியாகப் புரிந்ததா என்ற சந்தேகத்தில் திரும்பவும் கேட்டேன், டாக்டரம்மா சலிக்காமல் படம் வரைந்து காட்டினார். உன் அத்தையோ இதைத் தண்ணீர் எட்டாத கடைமடை வயல் என்று எடுத்துக்கொண்டு, சாப்பிட்டதும் சுகன்யாவைச் சின்னது இருக்கும் பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, "அசையாத ஆத்தா, கஞ்சி அங்கிட்டுப் பாயட்டும்" என்கிறாள். "நான் என்ன வாய்க்காலா பெரியம்மா, மடையத் திருப்புறீக" என்று இவள் சிரித்தாள், பிறகு தனியே உட்கார்ந்து அழுதாள். போன மாதம் போடிமெட்டு வளைவுகளில் இவள் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்ததால்தான் கொடி ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது என்று யாரோ இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அது ஆரம்பத்திலேயே அமைந்தது, ஜீப்பும் காரணமில்லை சாப்பாடும் காரணமில்லை என்று டாக்டரம்மா சொன்னதை எடுத்துச் சொன்னேன், எவ்வளவு நம்பினாளோ தெரியவில்லை.

நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சின்னதுக்கு ரத்த ஓட்டம் இன்னும் குறைந்தால் மாதம் நிறையும் முன்பே இரண்டையும் எடுத்துவிடுவார்களாம், ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றதற்கும் ஆபத்தாம். இவளோ, "அவுக லீவுல வந்துரட்டும் மாமா, அதுவரைக்கும் வேணாம்னு டாக்டர்ட்டச் சொல்லுங்க" என்கிறாள். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற நான், "அத மட்டும் சொல்ல மாட்டேன்த்தா" என்றேன். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், சரி என்றுதான் படுகிறது.

நீ இன்றைக்கே அவளிடம் பேசு, உனக்காகக் காத்திருக்க வேண்டாமென்று நீ சொன்னால்தான் கேட்பாள். தோட்டத்துக்கு ஏன் போனாய் என்று மறந்தும் கேட்டுவிடாதே. பிறந்தவுடன் பார்க்க முடியாவிட்டாலும் வருந்தாதே அப்பு, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் நால்வரும் நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் தாத்தாவாக ஆசைப்படும்
உன் அப்பா,
ஜக்கையன்