ஜீப்புக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு

2025 ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீன் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது மறுபடியும் பேச்சை எடுத்தேன். ஒரு ஜீப், அதன் பின்னால் இரண்டு பேர் படுக்கிற மாதிரி சின்ன கேம்பர் டிரெய்லர், ராஜஸ்தானில் ஜெய்சல்மேருக்கு மேற்கே நாங்கள் திரிந்த மணலுக்கு ஒரே ஒரு முறை. என் வீட்டுக்காரர் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "வூடு கட்டி ஒக்காந்தாச்சு. இனிமே இன்னாத்துக்கு அலையணும்?" என்றார்.

அந்த நாளில் இந்த மனுஷன் இப்படியா பேசுவார்? நிலத்தடித் தண்ணீர் தேடும் கம்பெனியில் அவர் டிரைவர், நான் சமையல். கருவிகள் ஏற்றிய டிரெய்லரை ஜீப்பில் இழுத்துக்கொண்டு போவோம். பொழுது சாயும்போது எங்கே நிற்கிறோமோ அங்கே கூடாரம். எங்கள் மகள் தேவி அங்கேதான் தவழ்ந்தாள். எல்லார் வீட்டுக்கும் சக்கரம் இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 9

பயணத்தின் மேல் அவருக்கு வெறுப்பில்லை. ஸ்டீரிங்கை என்னிடம் விட்டுவிட்டு இடது பக்க சீட்டில் உட்காரத்தான் மனமில்லை. எனக்குத் தெரியாதா?

ஜூன் 14

அவரோடு கண் ஆஸ்பத்திரி. வலது கண் போனது போனதுதான். இடது கண்ணிலும் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறதாம். சொட்டு மருந்து விட்டால் மெதுவாகும், நிற்காது என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பினோம். வில்லியனூர் தாண்டியதும், ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கேட்டார்:

"எந்த ஜீப்பு பாத்து வெச்சிருக்க?"

ஜூலை 6

கேம்பர் வந்துவிட்டது. பெங்களூர்க்காரர் ஒருவர் வைத்திருந்தது. இரண்டு சக்கரம், உள்ளே மெத்தை, பின் கதவைத் தூக்கினால் அடுப்பு. தெருவில் அதற்குள் "வூட்டு வண்டி" என்று பேர் வைத்துவிட்டார்கள். இழுக்கத்தான் இன்னும் வண்டி இல்லை.

நான் ஆசைப்பட்ட உயரமான புது வண்டியைப் போய்ப் பார்த்தோம். அவர் குனிந்து அடியில் கைவிட்டுத் தடவினார். முன் சக்கரம் மட்டும்தான் இழுக்குமாம், மணலில் இறங்கினால் அங்கேயே நிற்க வேண்டியதுதானாம். அடுத்து ஒரு குட்டி பெட்ரோல் ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும், எனக்குப் பிடித்துமிருந்தது. "கன்னுக்குட்டி கழுத்துல நுகத்தடி வெச்சாப்புல ஆயிடும்," என்றார். கேம்பரின் எடையை அது தாங்காதாம்.

ஒன்றும் அமையவில்லை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

ஜூலை 20

பாகூரில் நாகராஜன் என்ற கரும்பு விவசாயியின் கொட்டகையில் ஒரு நீள ஜீப். டீசல். நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்றத் தனி லீவர். பல வருஷம் தொடாமல் அது இறுகிப்போயிருந்தது. இவர் எண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டி, கடைசியில் சடக்கென்று விழ வைத்தார். அந்தச் சத்தத்துக்கு அவர் முகம் மாறியதே — ராஜஸ்தானில் எனக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது இருந்த முகம்.

வாங்கிவிட்டோம்.

ஆகஸ்ட் 17

திருவாண்டார்கோயிலில் தணிகைவேல் பட்டறை. பம்பரில் கொக்கி வைத்துவிடலாம், வேலை சீக்கிரம் முடியும் என்றான். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியின் அடிச்சட்டம், அந்த சேஸிஸோடு சேர்த்துப் போல்ட் போட்டுத்தான் கொக்கி மாட்ட வேண்டும் என்று நின்றார். ஜீப்பின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் பக்கத்துக்கு ஒன்று கூடுதல். கேம்பர் சக்கரத்துக்கும் பிரேக்.

பட்டறையில் காத்திருந்தபோது ஒரு மணல் காற்று ஞாபகம் வந்தது. கூடாரம் பறந்துபோய், மூன்று பேரும் கருவி டிரெய்லருக்குள் அடைந்து கிடந்தோம். தேவிக்குப் பயம் தெரியாமல் இருக்க, இவர் டின்னைத் தட்டிப் பாடிக்கொண்டே இருந்தார். சகிக்க முடியாத குரல். இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 23

தேவி சென்னையிலிருந்து போன் செய்து சண்டை. அப்பாவுக்குக் கண் தெரியாது, உனக்கு வயசு திரும்பாது, வழியில் ஏதாவது ஆனால்? அவள் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது?

செப்டம்பர் 14

இன்றைக்குச் செத்திருப்போம்.

திருபுவனை பக்கம் பெரிய ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பாலத்து இறக்கத்தில் வேகம் ஏறியது. பின்னால் கேம்பர் முதலில் லேசாக, பிறகு பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. ஜீப்பையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்து இழுக்கிறது. என் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கு வாணாம் சித்ரா. ஸ்டீரிங்க நேரா புடி. ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடு. அவ்ளோதான்."

கத்தவில்லை. சோறு போடு என்கிற குரலில் சொன்னார். நெளிவு அடங்கியது. ஓரம் கட்டி நிறுத்தி அழுதேன். கண்ணாடியில் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சீட்டு ஆடிய ஆட்டத்திலேயே புரிந்துகொண்டிருக்கிறார்.

"கேம்பர்ல தண்ணி டேங்க் பின்னாடி இருக்குது. கொக்கி மேல பாரமே ஒக்காரல. முன்னாடி மாத்தினா செரியாப் பூடும்," என்றார். பிறகு, "நீ நல்லாத்தான் ஓட்டுற."

செப்டம்பர் 28

டேங்கைச் சக்கரத்துக்கு முன்னால் மாற்றினோம். அதே ரோடு, அதே இறக்கம். ஆட்டமே இல்லை. தேவி லீவு போட்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். இறங்கியதும் அப்பாவின் சொட்டு மருந்துக்கு ஒரு ஐஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் சம்மதம்.

டிசம்பர் 7

நாளை காலை.

டிசம்பர் 19, ஜெய்சல்மேருக்கு மேற்கே

குஜராத்திலிருந்தே பார்வை மங்கி அவரால் ஊர்ப் பலகைகளைப் படிக்க முடியவில்லை. நான் படித்துச் சொல்கிறேன், அவர் வழி சொல்கிறார்.

இன்று மத்தியானம், அந்த நாளில் கிணற்றோரம் கூடாரம் போட்ட எங்கள் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். பக்கத்திலிருந்த கல்மேட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். வண்டியை நிறுத்தினேன்.

"இன்னா தெரியுது, சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம். அதே மணல், அதே கிணறு என்று. வாய் வரவில்லை.

"வேலி போட்டுட்டாங்க. உள்ள பூரா சோலார் தகடு. கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும்."

வேலி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சிரித்தார். "நாம தண்ணி தேடுனோம். இவுங்க வெய்யில எடுத்துக்கினு போறாங்களா. செரி, வேலிக்கு அந்தாண்ட?"

"மணலு. வடக்கால ஒரு ஒத்தத் தடம் போவுது."

"அந்தப் பக்கம் நாம போனதே இல்ல. உடு வண்டிய."

இப்போது நிற்கிற இடத்துக்குப் பெயர் தெரியவில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது. அவர் கேம்பரில் ஒரு கையை வைத்தபடியே சுற்றி நடந்து, ஒவ்வொரு டயரையும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம்.