அந்த வால்வை மட்டும் கழற்ற வேண்டாம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். அத்தைக்கு முட்டிவலி, சின்ன மகனைப் பார்க்க வேண்டும் என்கிறார். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

விபத்தில் நசுங்கிய அண்ணனின் காரைப் பாடி வேலை முடித்து எடுத்து வந்து மூன்று மாதமாகிறது. தைத்த யூனிஃபார்ம்களை அதில்தான் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறேன். வண்டி நின்ற இடத்தில் தானாகவே ரேஸ் ஏறுகிறது, இறங்குகிறது. யாரோ மெல்ல மிதித்து மிதித்து விடுவது போல. "அப்பா காலை எடுக்க மாட்டேங்கிறாரும்மா" என்கிறாள் பாப்பா. சிரித்துச் சமாளித்தேன். ஆனால் சிக்னலில் நிற்கும்போது, என் கால் படாத அந்தப் பெடலைக் குனிந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

வீட்டிலேயே மெக்கானிக்கை வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போவேன்? என்ன பார்க்க வேண்டும் என்று எழுது.

உன் அண்ணி

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வேலை கழுத்தை நெரிக்கிறது, கோபிக்காதீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. இன்ஜினுக்குக் காற்று போகிற வழியில்தான் கோளாறு. ஏர் ஃபில்டரை எடுத்துத் தூசி தட்டுங்கள். அதிலிருந்து போகும் தடித்த ரப்பர் குழாயை வளைத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். குழாயின் முனையில் வட்டத் தகடு ஒன்று இருக்கும். அதில் படிந்த கரியைத் துடையுங்கள். பிறகு வண்டியை ஓடவிட்டு, இணைப்புகளில் கிளீனர் ஸ்பிரேயைத் துளி அடியுங்கள். எங்கே ரேஸ் மாறுகிறதோ அங்கே காற்று கசிகிறது.

தகட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவில் ஐடில் வால்வு இருக்கும். ஆக்ஸிலேட்டரில் கால் இல்லாதபோது இன்ஜினுக்கு மூச்சு கொடுப்பது அதுதான். அதை மட்டும் கழற்ற வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பாப்பாவுக்கு முத்தம்.

தங்கள் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

நீ சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். ஃபில்டர் சுத்தம். குழாயில் வெடிப்பில்லை. தகட்டைத் துடைத்தேன். ஸ்பிரே அடித்தபோது ரேஸ் மாறியது ஒரே இடத்தில், நீ வேண்டாம் என்ற வால்வின் அடியில். நாளெல்லாம் தையல் மெஷினைக் கழற்றி மாட்டுகிறவள் நான். கழற்றினேன்.

காற்றுக் கசியாமல் அடைக்க அங்கே இருக்க வேண்டிய கேஸ்கட் இல்லை. கத்தரித்து வைத்த நோட்டு அட்டை இருந்தது. பாதி ஊறிக் கிழிந்து, காற்றுத் துளைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. மிச்சத்தில் 'வகுப்பு 3' என்று பாப்பாவின் கையெழுத்து. அண்ணன் நம்மை விட்டுப் போவதற்கு முந்தைய ஞாயிறு நீ வந்திருந்தாய். நோட்டு அட்டையை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று அவள் அன்றைக்கு அழுதாள்.

வெட்டியது யார்?

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணி,

நான்தான்.

சுத்தம் பண்ணக் கழற்றினேன். பழைய கேஸ்கட் கையோடு கிழிந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. "இதோட ரெண்டு நாள் ஓட்டலாமாடா?" என்றார் அண்ணன். "தாராளமா ஓட்டுண்ணே, அடுத்த வாரம் புதுசு போட்டுடறேன்" என்றேன். வியாழக்கிழமை அந்த வளைவில் காலை எடுத்திருப்பார். அட்டை துளையை அடைத்து, காற்றில்லாமல் இன்ஜின் நின்றிருக்கும். நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். வண்டி திரும்பாமல் நேரே லாரிக்குப் போயிருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. தூங்கிவிட்டார் என்று போலீஸ்காரர் சொன்னார். எல்லோரும் நம்பினீர்கள். நானும் தலையாட்டினேன்.

இப்போது இன்ஜினைத் தொடுவதில்லை, டயர்தான் மாட்டுகிறேன். நீங்கள் அண்ணன் நம்பரிலிருந்துதான் கூப்பிடுகிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் அவர் பெயர் மினுங்கும்போது கை வரவில்லை.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

புது கேஸ்கட் போட்டேன். வண்டி சீராக நிற்கிறது.

விபத்துக்கு முந்தைய இரவு நான் சண்டை போட்டதால்தான் அவருக்குத் தூக்கமில்லை, அதனால்தான் வளைவில் கண்ணயர்ந்தார் என்று ஒரு வருஷமாக என்னையே தின்றுகொண்டிருந்தேன். அதை உன்னிடம் மட்டும்தான் சொல்லி அழுதேன். "விடுங்க அண்ணி, விதி" என்றாய். அட்டை வைத்தது அவசரம், பொறுத்துக்கொள்வேன். அந்த வார்த்தையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அதை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "அப்போ என் பிள்ளை முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தானா?" என்றார். ஆமாம் என்றேன். "ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்துப் பார்த்திருப்பானே" என்றார். அதிலிருந்து இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

நீ இப்போது வர வேண்டாம். வரச் சொல் என்று அத்தை வாயால் சொன்னால் எழுதுகிறேன்.

இன்றுவரை சொல்லவில்லை.

அண்ணி