என் விரலில் துடித்தது

வியாழன், இரவு

டைரியே, இதையெல்லாம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். சொல்ல வேறு ஆளில்லை.

இன்று பிறந்த குழந்தை அழவில்லை. டாக்டர் மாஸ்க் வைத்து மூச்சு கொடுத்தார். தொப்புள்கொடியைப் பிடித்து இதயத்துடிப்பை எண்ணிய புது நர்ஸ் நான், “நூத்துக்கு மேல இருக்கு சார்” என்றேன். நூறு தாண்டினால் போதும்; லேசாக மூச்சும் வந்ததால் மாஸ்க்கை எடுத்தார். அதற்குள் சீனியர் நர்ஸ் வாசுகி அக்கா குழந்தையின் நெஞ்சில் ஒட்டிய மானிட்டர் எழுபதுதான் காட்டியது. மறுபடி மாஸ்க். குழந்தை அழுதது.

“யாரோட நாடிய எண்ணுனடி?” என்று அக்கா சிரித்தார்.

என்னுடையதைத்தான். பயத்தில் என் விரல்நுனியே துடித்திருக்கிறது.

எங்கள் ஊர் தேங்காய்த்திட்டிலிருந்து அம்மா போனில் பேசினாள். “நம்ம வூட்ல மொத டிகிரி. புள்ளைங்கள காப்பாத்துற!” “ம்” என்றேன்.

அக்காவிடம் கேட்க வாய் வராதது இதுதான்: “அக்கா, இனிமே மானிட்டர மொதல்லயே ஒட்டிடறீங்களா?”