விளிம்பில் முடியில்லாத பூ

ஐப்பசி மழை விட்ட இன்று காலை, மலைச்சரிவில் அந்த நாற்றம் வந்தது. செத்த எலி வாடை. சென்னையிலிருந்து வந்து உடன் ஏறிய தாவர நிபுணர் கைக்குட்டையைத் தேடினார். எனக்கோ உன்னைக் கட்டிக்கொண்டது போல இருந்தது. அந்த வாடையோடுதான் பூக்கும் நம் கள்ளிமுளையான் பூத்துவிட்டது.

நாம் இருவரும் ஒரே கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலம் அது. திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் துவையல் அரைக்கும் செடிதான். ஆனால் இந்த மலையின் பாறை இடுக்கில் நீ கண்ட பூவில், இதழ் விளிம்பில் இருக்கவேண்டிய முடி இல்லை. "இது தனித் துணையினம்டி!" என்று அங்கேயே குதித்தாய். அழுத்தி உலர்த்திச் சென்னைத் தாவர ஆய்வகத்துக்கு அனுப்பினோம். உலர்த்தியதில் முடி உதிர்ந்திருக்கும், இது சாதாரண வகைதான் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

உயிரோடு பூக்கவைத்தே காட்டுகிறேன் என்று, அடுத்த மழைக்கு அங்கிருந்து ஒரு தண்டைக் கொண்டுவந்து உன் வீட்டு மாடித் தொட்டியில் நட்டாய். மொட்டு விட்டது. ஆய்வக நிபுணரை வரச்சொல்லி எழுதிய வாரமே, உன் அம்மா அதைப் புளி வைத்து அரைத்துவிட்டார்கள்.

"வயித்துக்கு நல்லதாச்சேனு அரைச்சிட்டேன். இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இப்டி முழிக்கிறீங்க?"

எனக்கு அழுகை வந்தது. நீ அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டபடியே, "செடியத்தானே தின்னோம், மலைய தின்னலயே. வாடி" என்றாய்.

பின்வந்த மழைகளில் தேடினோம்; அந்தப் பாறை இடுக்கிலும் கிடைக்கவில்லை. பிறகு உன் ரத்தத்தில் நோய் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "தெற்குச் சரிவு பாத்தியா?" என்றுதான் கேட்டாய். உன்னைக் கொண்டுபோன நோயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சாமி சித்தம் என்று சொன்னவர்களோடு சண்டையும் போட்டேன்.

போன வாரம் அதே தெற்குச் சரிவில் அந்தச் செடியை மொட்டோடு கண்டேன். சென்னையில் பறித்து அனுப்பச் சொன்னார்கள். மாட்டேன், தீபத்துக்குக் கூட்டம் ஏறி மிதிப்பதற்குள் வந்து பாருங்கள் என்றேன். இன்று நிபுணர் வந்தார். உன் லென்ஸைக் கொடுத்தேன். மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"முடி இல்லதான்மா. ஆனா ஒரே ஒரு செடிய வெச்சு எப்படிச் சொல்றது?"

"மலைய இன்னும் யாரும் தின்னுடல சார். எழுந்திருங்க, மேல போவோம்."

அவர் புரியாமல் விழித்தார். லென்ஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் முன்னால் ஏறினேன்.