நிபுணர்கள் வியந்த உருளைக்கிழங்கு

டொலீடோ,
மார்ச் 14

அன்பு மகள் பாலினாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், மேற்குக் கரை மழையில் நனைந்துகொண்டு நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உன் கட்டுரையை ஏதோ ஓர் ஆய்விதழ் இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டது, இனி சட்டக் கல்லூரிகள் தானாகக் கூப்பிடும், அதனால் ஜூன் மாத நுழைவுத் தேர்வை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டு அவர்கள் கேட்ட திருத்தங்களைச் செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா பூரித்துப்போய் முடிவெட்டும் கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். நான்தான் யாரிடமாவது விசாரிக்காமல் இதை நம்புவதில்லை என்றிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பங்குக் கோயிலில் தவக்கால மீன் வறுவல் விருந்து, பரிமாறியது நான். பதினோரு வருடம் ஒரு சட்டக் கல்லூரியில் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுத்த லோர்னா டைஸ் தட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். விடுவேனா? படிக்கிற காலத்திலேயே கட்டுரை அச்சானால் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். "இந்தா பாரு டோரீன், மார்க்கும் நுழைவுத் தேர்வும்தான் மீனு. கட்டுரை ஓரத்துல வைக்கிற கோஸ் சாலட். இருந்தா வேணாம்னு சொல்ல மாட்டோம். வெறும் சாலட்டுக்கு எவளாவது வரிசையில நிப்பாளா?" என்றாள். அப்படியானால் திறந்துகூடப் பார்க்க மாட்டீர்களா என்றேன். "ஆயிரக்கணக்குல வருது, ஏது நேரம்? ஆனா கூட இருந்து பார்த்த பேராசிரியர், இந்தப் பொண்ணு இப்படி உழைக்கிறா, இப்படி யோசிக்கிறான்னு பரிந்துரைக் கடிதத்துல நாலு வரி எழுதட்டும், அதை ரெண்டு தடவை படிப்போம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீனும் வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது கொஞ்சம் உட்கார்ந்துகொள். இதழுக்கு அனுப்பிய அதே கோப்பை, பத்திரமாக இருக்கட்டும் என்று எனக்கும் அனுப்பினாயே, அதை நேற்றுத்தான் திறந்தேன். பெயர் 'கடைசி, நிஜமாகவே கடைசி'. எல்லாவற்றுக்கும் நீ வைக்கிற பெயர் அதுதானே. உள்ளே இருப்பது உன் கட்டுரை இல்லையடி கண்ணு, எனக்காக நீ தட்டித்தந்த மீன் வறுவல் வேலைப் பட்டியல்! இரண்டு நிபுணர்கள் வரிவரியாக ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது இதைத்தான். 'துணிச்சலான ஆய்வுமுறை' என்று மெச்சினார்களே, அது உன் வால்டர் மாமா ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை உருளைக்கிழங்கு வறுப்பது. முடிவுரையை விரிவாக்கச் சொல்லியிருக்கிறார்களாம், பாத்திரம் கழுவ இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடவா? மாமாவிடம் சொன்னால், "அப்போ எனக்கும் சட்டக் கல்லூரியில ஒரு சீட்டு கேட்டுப் பாரேன்" என்கிறார்.

சிரித்து முடித்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ விட்டுப்போன பிரதியை எடுத்து முப்பத்தொரு பக்கமும் படித்தேன். அடிக்குறிப்பில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் வழக்குக்கு வக்கீல் இல்லாமல் வந்து நிற்கிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறாய், அவர்கள் தினமும் நீதிமன்றத்தில் நான் குமாஸ்தாவாக உட்காரும் ஜன்னலுக்குத்தான் முதலில் வருகிறார்கள். நீ எழுதியது அத்தனையும் உண்மை, எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை அந்த நிபுணர்களுக்கு ஏன் கொடுக்கிறாய், உன் பேராசிரியரிடம் கொடு. அவர் படிப்பார்.

தேர்வுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் வரும் வியாழக்கிழமை, மறக்காதே. ஒழுங்காகச் சாப்பிடு. கடவுள் உன்னை நல்ல புத்தியோடும் நல்ல உடம்போடும் வைத்திருக்கட்டும். நேற்று கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, "எனக்காகப் பேச யாராவது வருவாங்களா?" என்று கேட்டாள். யாரும் இல்லையம்மா என்றேன். நீ வக்கீலாகி வரும்வரை இந்தப் பதிலை இன்னும் நாலு வருடம் சொல்லத் தயாராக இருக்கிறேன், அதை ஐந்தாக்கிவிடாதே.

உன் அம்மா,
டோரீன்