உன் அப்பாவின் தொண்டையும் ஐந்து மாத வைத்தியமும்

என் கண்ணே பெர்மெத்,

எல்லோரும் நலம் என்று எழுதினால் பாதி பொய், நானும் ஆடுகளும் நலம், நீ சியோலில் நலமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திருத்திக்கொண்டே இருப்பார், அதனால்தான் அங்கே வருகிறவர் கையில் இந்தக் கடிதம்.

குளிர் தொடங்கியதிலிருந்தே அவருக்குச் சாப்பாடு நெஞ்சில் நின்றது. குற்றமெல்லாம் என் ரொட்டி மேல், மாவு பிசையுறியா செங்கல் அறுக்குறியா என்றார். டீயில் ஊறவைத்துக் கொடுத்தேன், அதுவும் இறங்கவில்லை, குற்றம் டீக்குப் போனது. டாக்டரைப் பார்க்கலாமென்றால், முப்பது வருஷமா மாட்டு வைத்தியம் பாக்குறேன், மாட்டுக்கே நாலு வயிறு, எனக்கு ஒண்ணுதானேடி என்று சிரித்தார். உன் அத்தை சைராகுல் கரடிக் கொழுப்போடு வந்தாள், குடித்தார், வாந்தியெடுத்தார், மருந்து வேலை செய்யுது என்று அண்ணனும் தங்கையும் சந்தோஷப்பட்டார்கள். பெல்ட்டில் மூன்றாவது ஓட்டை போட்ட அன்று நான் பெட்டியைக் கட்டி, டாக்டர்கிட்ட வராட்டி எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன் என்றேன். சாப்பிடவே முடியாத மனுஷன், இனி யார் சமைப்பார்கள் என்று பயந்து கிளம்பினார்.

பிஷ்கெக் பெரிய ஆஸ்பத்திரியில் உன் வயதுப் பெண் ஒருத்தி டாக்டர். வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தாள், சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினாள். வயிற்றின் மேல்பக்கத்தில் புற்றுநோய், உணவுக்குழாய்க்குள்ளும் ஏறிவிட்டது என்றாள். அப்போதும் இவர் அவளுக்குப் பாடம் எடுத்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஐயா, அஞ்சு மாசமா தீனி இறங்காத பசுவை ஒருத்தன் இப்பதான் ஓட்டிட்டு வந்தா என்ன சொல்வீங்க என்றாள். செருப்பாலயே அடிப்பேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்பும் வழியில், பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை, நோயைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்கேனில் வேறெங்கும் பரவல் தெரியவில்லையாம். நாலு தடவை மருந்து ஏற்றி, கட்டி சுருங்கினால் ஆப்பரேஷன். உறுதி சொல்ல மாட்டேன், வழி இருக்கு என்றாள். வருகிற வியாழக்கிழமை முதல் தடவை ஏற்றுகிறார்கள்.

உனக்கும் நெஞ்செரிச்சல் உண்டே, அதற்கு அப்பாவிடம் யோசனை கேட்காதே, நேரே டாக்டரிடம் போ. ஆண்டவன் உன் பாதையில் வெளிச்சம் வைக்கட்டும். அங்கேயே அழுது முடித்துவிட்டு அவருக்குப் போன் செய், மறக்காமல் சண்டை போடு. ஊரே அவரிடம் மெல்லப் பேசுகிறது, மனுஷன் அதிலேயே பாதி உயிரை விட்டுவிடுவார்.

உன் அம்மா,
ஜிபார்குல்